ரஃபீக் பாயின் வெள்ளி டாலர்

போன வாரம் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரன் பழைய அமெரிக்க வெள்ளி டாலரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். கரி பூசியதுபோல் கறுத்துக் கிடந்த காசு. அந்தக் கறுப்புக்குத்தான் விலையாம். பார்த்ததும் எனக்குத் தோல் பாலிஷ் வாசனை வந்துவிட்டது. வீட்டில் அப்படி எதுவும் இல்லை. நான் ரிடையர் ஆனாலும் என் மூக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் கம்பெனியில் ரஃபீக் பாய் ஃபினிஷிங் மாஸ்டர்; தோலுக்குக் கடைசி மெருகேற்றுவது அவர் வேலை. சரக்கு வாங்க வருகிற அமெரிக்க பையர்கள் அவருக்கு ஆசையாகப் பழைய வெள்ளிக்காசு கொண்டுவந்து தருவார்கள். தோலில் கீறல் பார்க்கிற லென்ஸில் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போகும். நான் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி தலையாட்டுவேன். காசின் பின்பக்கம் இருக்கிற கழுகுகளில் எனக்கு எல்லாக் கழுகும் ஒன்றுதான்.

கறுத்துப்போயிருந்த ஒரு டாலரில் மட்டும் கழுகுக்குக் கீழே பொடியாக இரண்டு எழுத்து இருந்தது. எப்போதோ மூடிப்போன நாணயச்சாலையின் அடையாளம், கிடைப்பதே அபூர்வம் என்றார்.

கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயம், எத்தியோப்பியாவில் ஒரு தோல் ஃபேக்டரி அவரைக் கூப்பிட்டது. அவருக்குப் போக மனசில்லை.

"இந்தக் காசு நல்ல வெலைக்குப் போச்சுன்னா இங்கியே சின்னதா கடை போட்டுக்குவேன் தோஸ்த். அவ்ளோ தூரம் இன்னாத்துக்குப் போவணும்?"

சென்னை காசு வியாபாரி ஒருவர் வேலூருக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். பாய் சட்டைப்பையிலிருந்து எடுத்த டாலர் கண்ணாடியாக மின்னியது. மங்கின சரக்கை எந்த ஃபினிஷிங் மாஸ்டராவது பையர் முன்னால் வைப்பாரா? காலையிலேயே கம்பெனிக்குப் போய், பாலிஷ் சக்கரத்தில் பிடித்து எடுத்து வந்திருந்தார்.

வியாபாரி ஒரு பார்வை பார்த்துக் கீழே வைத்துவிட்டார். "ஏன் சார் தேச்சீங்க? அப்படியே கொண்டாந்திருந்தா கேட்ட வெலை குடுத்திருப்பேன். இப்ப எடைக்கு எடை வெள்ளி வெலைதான்."

"நல்லாத்தானே கீது?" என்று பாய் என்னைப் பார்த்தார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த மாதமே அவர் விமானம் ஏறினார். கம்பெனி இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். பையர்களும் இந்தப் பக்கம் வருவதில்லை. போன வருஷம் பாய் அங்கேயே மௌத்தாகிவிட்டார், அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள் என்று அவர் மகன் போனில் சொன்னான். ஆம்பூராக இருந்தால் நடந்தே போய் ஒரு பிடி மண் போட்டிருப்பேன்.