சகலன் வீட்டுக் கடல்

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைமார் நாங்கள் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவர்கள். மாமி ஆரையம்பதியில் இருந்த தன் வளவை இரண்டாகப் பிரித்து, இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். அதனால் என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலன் கட்டாரில் இருந்து திரும்பி வந்த அன்றைக்கே எனக்குப் பக்கத்து வீட்டுக்காரனாகிவிட்டான். நடுவில் ஒரு வேலி, அதிலும் ஆள் நுழைய ஒரு பொட்டு. அந்தப் பொட்டு வழியாகத்தான் என் மகள் போனாள்.

அவன் நல்லவன். அதுதான் கரைச்சலே. குடிக்க மாட்டான், சத்தம் போட மாட்டான், என்னை வாய் நிறைய அண்ணன் என்பான். மாமிக்கு முழங்கால் நோவுக்குத் தைலம் கொண்டுவந்தான். நானும் எத்தனையோ வருடமாக அதே முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான், தைலம் எனக்குத் தோன்றவில்லை.

வந்த சில மாதங்களில் முன்கூடத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி வைத்தான். கடல்மீன் தொட்டி. கொழும்பில் இருந்து பையில் உப்பு எடுப்பித்து, அதை வடிகட்டின தண்ணீரில் கரைத்து, ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு உப்பு அளந்து பார்த்தான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கிழக்கே நடந்தால் கடல். மேற்கே நடந்தால் வாவி. இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு ஒரு மனிதன் உப்பு வாங்கிக் கடல் செய்கிறான் என்று மாமியிடமே சொன்னேன். மாமி சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மீன் வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி உழுவை மீன், கூடவே உடம்பில் கோடு போட்ட ஒரு றால். றாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது மண்ணைத் தோண்டித் தோண்டிப் பொந்து செய்யும், உழுவை வாசலில் நின்று காவல் காக்கும். றால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை உழுவையின் மேலேயே வைத்திருக்கும். உழுவை வாலை ஆட்டினால் இரண்டும் பொந்துக்குள். நானே ஒருநாள் வாயைப் பிளந்துகொண்டு நின்று பார்த்தேன், அவன் அறைக்குள் போயிருந்த நேரத்தில்.

எனக்கு வந்தாறுமூலையில் வேலை. மோட்டார் சைக்கிளில் வீடு வர ஐந்தரை ஆகும். முந்தியெல்லாம் சத்தம் கேட்டதும் மகள் கேற்றுக்கு ஓடிவருவாள். எட்டு வயது. இப்போது கேற்றில் நாய்தான் நின்றது. “புள்ள எங்க?” என்று கேட்டால் மனைவி வேலியைக் காட்டுவாள். “அவங்களுக்குப் புள்ளயும் இல்ல, போனா என்ன?” என்பார் மாமி. போனால் என்னவா? வயிறு எரிந்தது. அதை யாரிடம் சொல்ல?

நானும் ஒரு தொட்டி வாங்கினேன். அவனுடையதைவிட ஒரு சாண் நீளம், வேண்டுமென்றேதான். உப்புப் பை எதுவும் வாங்கவில்லை. மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய்க் கேன்களில் தண்ணீர் கொண்டுவந்தோம். அன்றைக்கே மீன் விட வெளிக்கிட்டேன். “இப்ப விடப்படாதப்பா, தண்ணி கொஞ்சக் காலம் பழகோணும்” என்றாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருப்பார்கள் என்று நினைத்துப் பொறுத்தேன். பிறகு வாவிக் கரையில் அத்தாங்கு வலை போட்டு, மண் நிறத்தில் இரண்டு உழுவையும் கண்ணாடி போலச் சில றாலும் பிடித்து விட்டோம். மஞ்சளும் இல்லை, கோடும் இல்லை. ஆனால் உயிரோடு இருந்தன, நன்றாகவே இருந்தன.

தண்ணீரும் குறையவே இல்லை. சகலன் அடிக்கடி தன் தொட்டிக்குத் தண்ணீர் விடுவான். நான் கண்ணாடி மூடி போட்டிருந்தேன். “மூடி சரியாப் போட்டாத் தண்ணி போகாது தம்பி” என்று மாமிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவன் தலையாட்டினான். அந்த நாட்களில்தான் மனைவி, குசினியில் குடிக்கிற தண்ணிக் கேன் கெதியாக முடிகிறது என்று புறுபுறுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஆட்கள் வருவதால்தான் என்றேன்.

இருந்தும் மகள் போவதை நிறுத்தவில்லை. எங்கள் தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருப்பாள், எழும்புவாள், பொட்டுக்குள் நுழைந்துவிடுவாள். பெரிய தொட்டி வாங்கியும் தோற்றவன் நான்.

வாகரையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு சடங்கு. மாமியும் மனைவியும் மகளும் சில நாட்களுக்குப் போனார்கள். எனக்கு லீவு இல்லை. மறுநாளே தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கி, கண்ணாடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. கடலுக்குப் போய் ஒரு கேன் அள்ளிவந்து மூடியைத் திறக்கிறேன், போன் அடித்தது. மகள்.

“அப்பா, தொட்டில தண்ணி குறைஞ்சிருக்கா?”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“மூடி போட்டாலும் ஒவ்வொரு நாளும் குறையும்தானே. பள்ளி விட்டு வந்து நான்தான் விடுற. குசினில இருக்கிற குடிதண்ணி. நீங்க கடல்தண்ணி விட்டுடாதீங்க. தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு உள்ளுக்கே நிக்கும். மேல மேல கடல்தண்ணி விட்டா உப்புக் கூடி மீன் செத்துப் போயிடும். பின்பக்கம் பச்சைக் கோடு போட்டிருக்கன், அதுவரைக்கும் விடுங்க.”

“இதெல்லாம் ஆரு சொன்ன?”

“சித்தப்பா. நீங்க மறந்தா அவரு வந்து விடுவாரு. சொல்லிட்டுத்தான் வந்தனான்.”

போனை வைத்தபோது காது சுட்டது. என் தொட்டி, என் மீன், என் கடல். அத்தனையும் இவ்வளவு காலம் அவன் சொல்லில்தான் உயிரோடு இருந்திருக்கிறது. வேலிப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. கடல்தண்ணிக் கேனைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, குசினிக்கு ஓடி, குடிதண்ணீரைக் கொண்டுவந்து பச்சைக் கோடுவரைக்கும் ஊற்றினேன். பாதி நிலத்தில் போனது. பரவாயில்லை, அவன் கை என் தொட்டியில் படக்கூடாது.

சகலன் கையில் ஒரு ஜக்கோடு வாசலில் நின்றான்.

“தண்ணி விட்டாச்சா அண்ணன்?”

“விட்டாச்சி.”

போவான் என்று பார்த்தேன். போகவில்லை. ஜக்கை மேசையில் வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் குனிந்தான். என் மண் நிற உழுவை ஒன்று கல்லுக்கு அடியில் சும்மா கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுதானா?” என்றான். “என்ட மீன அவள் இப்ப திரும்பியும் பாக்கிற இல்ல அண்ணன். வந்து இருந்தாக் கேள்விதான். அப்பாட தொட்டில பாசி ஏன் வருது, அப்பாட றாலுக்கு என்ன தீனி… அந்த மஞ்சள் மீன அவளுக்கெண்டுதான் கொழும்பில இருந்து எடுப்பிச்சன். இதுல அப்பிடி என்னதான் இருக்கு?”

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்காக எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த குரல்.

வீட்டில் இருப்பதிலேயே நல்ல கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டேன்.

“இரி தம்பி” என்றேன். “ஆறுதலாப் பாரு.”