தையலுக்கு விட்ட அரை அங்குலம்

இடது கை பலகையை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை ரம்பத்தை அவசரமில்லாமல் இழுத்தது. மடியில் விழுந்த மரத்தூளை, நூல் பிசிறைத் தட்டுவதுபோல விரல்கள் தட்டிவிட்டன. பதினெட்டு வருடம் சட்டை தைத்த கைகள் அவை. வெள்ளிக்கிழமைக்குள் மூடியோடு ஒரு மரப்பெட்டி செய்தாக வேண்டும்.

தையல் மேசையின் கால் ஒருநாள் ஆடியது. ஆளைக் கூப்பிடாமல் தானே ஆப்பு இறக்கி நிறுத்தினாள் தையற்காரி. அன்றிலிருந்து தச்சுப் பித்துப் பிடித்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்காமல் உட்காருவதில்லை. மானம் போகிறதென்று, பஸ் ஓட்டுநரான கணவன்தான் பள்ளி தேடச் சொன்னான்.

ஊரில் தச்சுப் பள்ளிகள் இரண்டு. முதலாவதில் கண்ணாடிக் கதவு, ஏசி அறை, வரிசையாக இயந்திரங்கள். எந்தச் சட்டையையும் உள்பக்கம் திருப்பித்தான் அவள் எடைபோடுவாள். பள்ளிக்கு உள்பக்கம் எது? மூலையில் இருந்த கழிவுத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். துடைத்துவைத்தாற்போல் இருந்தது.

"மிச்சக் கட்டையெல்லாம் எங்கம்மா?" என்று அலுவலகப் பெண்ணைக் கேட்டாள்.

"முதல் ஆறு மாசம் பார்க்கிறதுதான் மேடம். மரமே வீணாகாது."

இரண்டாவது பள்ளி ஒரு தகரக் கொட்டகை. அங்கே தொட்டி நிரம்பி வழிந்தது. கோணல் வெட்டு, பிளந்த முனை, பொருந்தாத மூலை. பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு குளிர்ந்தது.

"குப்பையைப் பார்த்தா சிரிக்கிறீங்க?" என்றார் பயிற்சியாளர்.

"இத்தனை பேரைத் தப்பு பண்ண விட்டிருக்கீங்களே சார்!"

"இன்னும் ஒரு இடம்தான் இருக்கு. கேட்டு வந்தவங்க உங்களோட மூணு பேரு. வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு பெட்டி கொண்டு வாங்க. மூலை எது நல்லா இருக்கோ, அவங்களுக்கு இடம்."

கணவன் தலையில் கைவைத்தான். "அங்க ஏசி. இங்க ஃபேன்கூட இல்ல. தேடித் தேடி இதையா பிடிச்ச?"

"உங்க பஸ்ல மட்டும் ஏசி ஓடுதாக்கும்!"

நீளப் பலகைகளில் கோடு போட்டு, கோட்டில் குட்டைப் பலகைகளை நிறுத்திப் பசை வைத்து ஒட்டிக் கயிற்றால் இறுக்கினாள். வியாழன் மாலை கயிற்றை அவிழ்த்தபோது கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடியே, பெட்டிக்குக் காது முளைச்சிருக்குடி!"

அப்போதுதான் பார்த்தாள். நீளப் பலகைகளின் நான்கு முனையும் அரை அங்குலம் துருத்திக்கொண்டிருந்தன. தையலுக்கு விட்டிருந்தாள்! எதை வெட்டினாலும் ஓரம் விட்டுப் பழகிய கை, அவளைக் கேட்காமலே விட்டுவிட்டது. கோட்டுக்கு வெளியே மிச்சம் நிற்பது கண்ணுக்கும் உறுத்தவில்லை. துணியென்றால் உள்ளே மடிக்கலாம். மரத்தை எங்கே மடிப்பது? வேறு பலகையும் இல்லை.

சட்டை வெட்டும் அட்டையில் ஒரு துண்டு நறுக்கி, ரம்பத்தின் கீறல் விழாமலிருக்கப் பெட்டிமேல் வைத்தாள்.

"சிரிச்சது போதும். ஆடாம பிடிங்க."

"காது குத்தினப்பகூட நம்ம பொண்ணு இப்படி அடம்பிடிக்கலை" என்றபடி பிடித்தான். நான்கு காதுகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. இழைப்புளியால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மூலை எங்கே சேர்கிறதென்று விரலுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பயிற்சியாளர் மூன்று பெட்டிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டின் மூலைகளில் வெளிச்சம் நூலாக ஒழுகியது.

"உங்க மூலையில நூல் இடுக்குகூட இல்லையே. எப்படி வெட்டினீங்க?"

பெட்டிக்குக் காது முளைத்த கதையை மறைக்காமல் சொன்னாள். கொட்டகையே திரும்பிப் பார்க்கும்படி அவர் சிரித்தார்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க. வர்றப்போ அந்த அரை அங்குலத்தை மட்டும் தையல் கடையிலயே விட்டுட்டு வாங்க."

அவள் பெட்டியைத் திருப்பி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அது இங்கயே இருக்கட்டுமே. புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும்" என்றார் அவர்.

மூடியை ஒருமுறை தூக்கி, மெல்ல இறக்கிப் பார்த்தாள். பிறகு அவர் கையில் கொடுத்தாள்.