ஐந்து பேர் முன்னால் போய் நிற்காத தர்லோக் சிங்

எழுபத்தொன்றாம் வருடத்துக்குப் பிறகு ஏற்காட்டில் லாரி வைத்திருந்த எவரும் தர்லோக் சிங்கின் கையில் வண்டியைக் கொடுக்காமல் இருந்ததில்லை. கழற்றிப் போட்ட இன்ஜினை ஒரு நட்டு மிச்சமில்லாமல் திருப்பிப் பூட்டி ஓட்டிக் காட்டியவர் எங்கள் மலையில் அவர் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் பேர் சொல்லட்டும். பஞ்சாபிலிருந்து லாரி ஓட்டி வந்தவர், இந்தக் குளிர் பிடித்துப்போய், கடைவீதிக்குக் கீழே தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் கிடையாது. மஞ்சக்குட்டை அங்கப்பனும் அவர் மனைவி மாதம்மாளும்தான் சொந்தம். இரண்டு ஏக்கரை இருபது ஏக்கர் காப்பித் தோட்டமாக்கிய அங்கப்பன் யாரையும் லேசில் மதிக்கமாட்டார். சிங்கை மதித்தார்.

ஞாயிறுதோறும் கொட்டகையில் ரொட்டியும் பருப்பும் உண்டு. யார் வந்தாலும் ஒரே வரிசையில் தரையில் உட்கார வேண்டும். முதல் வாரம் நிலக்காரர்கள் எஸ்டேட் கூலி ஆட்களோடு உட்காரத் தயங்கி நின்றார்கள்.

"நின்னுக்கிட்டே திங்க நீங்க என்ன குதிரைங்களா? உக்காருங்க," என்றார் சிங். "எங்க குரு நானக் ஐநூறு வருசத்துக்கு முந்தியே சொல்லிட்டாருங்க. கடவுள் ஒண்ணு, அவருக்கு உருவமில்லே. ஒழச்சுச் சாப்பிடு, பகுந்து சாப்பிடு, அவரு பேரை மறக்காதே."

"ஏனுங்க சிங்கண்ணா, அதுக்கு எதுக்குங்க இத்தனை முடி? பேன் பாக்கவே தனியா ஒரு ஆளு வெக்கோணுமாட்ட இருக்குதே!" என்றான் லாரி டிரைவர் வேடியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். சிங்கும் சிரித்தார்.

பிறகு சொன்னார். நானக்கோடு சேர்த்துப் பத்து குருமார். ஒன்பதாம் குரு மார்க்கத்தை விடுவதைவிடத் தலையை விடுவது மேல் என்று டில்லியில் தலை கொடுத்தவர். அவர் மகன் கோபிந்த் சிங் பத்தாம் குரு. அவர் உருவிய வாளோடு கூட்டத்தின் முன்னால் நின்று, எனக்கொரு தலை வேண்டும் என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள், ஐவரும் வேறு வேறு சாதி. அவர்களுக்கு இனிப்பு நீர் கொடுத்துக் கால்சா என்ற கூட்டத்தை உண்டாக்கி, குருவே அவர்கள் முன் கைகூப்பி அதே நீரை வாங்கிக் குடித்தார். அவருக்குப் பின் மனித குரு கிடையாது, கிரந்தம் என்ற வேதநூல்தான் குரு.

"இப்பவும் அந்த அஞ்சு பேரு எடத்துல அஞ்சு பேரு நின்னுதான் தண்ணி குடுப்பாங்க. நானும் பதினெட்டு வயசுல அவுங்க முன்னால நின்னு வாங்கினேன். பொறந்ததுல இருந்து கத்திரி படாத முடிங்க இது. கடவுளுக்காக வெச்சிருக்கேன்."

மலைக்காரர்கள் தலையாட்டினார்கள். சாமிக்கென்று முடி வளர்ப்பது அவர்களுக்குத் தெரியாததா?

எண்பத்து நாலு ஏப்ரலில் அவருக்கு டைபாய்டு கண்டது. பதினோராம் நாள் நினைவு தப்பியது. இனி நம் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதும், அங்கப்பன் ஜீப்பில் ஏற்றித் தன் வீட்டுக்கே கொண்டுவந்தார். மாதம்மாள் சேர்வராயன் கோயில் திக்கில் விழுந்து கும்பிட்டாள். சாமிக்கென்று வளர்த்த முடி வீட்டிலேயே இருக்கும்போது வேறு எதைக் கொடுத்து உயிரைக் கேட்பது? நாவிதர் ஐயாக்கண்ணு வந்து தலையையும் தாடியையும் மழித்தார். மஞ்சள் துணியில் முடிந்து கோயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. சிங் கண் விழித்தார். கை தலைக்குப் போனது. பிறகு தாடைக்கு.

"சாமி வாங்கிக்கிச்சுங்கண்ணா!" மாதம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "அத்தனை வருசத்து முடியும் போய்ச் சேந்துருச்சுங்க. அதான் உசுரத் திருப்பிக் குடுத்துருச்சு."

கண்ணிமைக்காமல் பக்கத்திலிருந்து கஞ்சி ஊற்றியவளிடம் என்ன சொல்வார்? "நொம்ப நல்லதும்மா," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஞாயிற்று ரொட்டி நின்றது. கடைவீதியில், "இப்பத்தானுங்க நம்ம ஆளாட்ட இருக்கறீங்க," என்று தோளைத் தட்டினார்கள்.

பஞ்சாபிலிருந்த அண்ணனுக்கு முடி போனதை எழுதினார். மே மாதம் பதில் வந்தது. 'ஐவர் முன்னால் வந்து நில். தெரிந்தே விட்டாயா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல். மறுபடி நீர் தருவார்கள்.' ஜூன் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்தார். அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்தது, பஞ்சாபுக்கு ரயில் நின்றது. காத்திருந்தார். நவம்பரில் கிளம்பினார். ஐவர் நீர் கொடுத்த பிறகே கட்டுவதென்று தலைப்பாகையைப் பைக்குள் மடித்து வைத்திருந்தார்.

டில்லியில் பிரதமரைச் சீக்கியக் காவலர்கள் சுட்டுக் கொன்ற மறுநாள் அது. சேலம் பஸ் நிலையத்து டீக்கடையில் பேப்பரைச் சுற்றி நாலைந்து பேர் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னுங்க, தாடியும் நெறமும் ஒரு தினுசா இருக்குது. சிங்குங்களா?"

"தலப்பா இல்லாத சிங்கு எங்கய்யா இருக்கான்?" என்றார் டீக்கடைக்காரர்.

தர்லோக் சிங் சீக்கியர்கள் அணியும் இரும்பு வளையம் போட்ட கையை மடியில் இறக்கினார். "இல்லீங்க. நமக்கு ஏற்காடு. காப்பித் தோட்டம்."

"அட, நம்ம மலைக்காரரு! தள்ளி உக்காருடா." பெஞ்சில் இடம் விட்டார்கள். யாரும் கை ஓங்கவில்லை, கத்தி காட்டவில்லை. சும்மா கேட்டான், அவ்வளவுதான். அவர் டீயை முழுவதும் குடித்தார். ரயிலடிக்குப் போகவில்லை. அடுத்த ஏற்காடு பஸ்ஸில் ஏறினார்.

"ஏனுங்க, ரயிலு இல்லீங்களா?" என்றார் அங்கப்பன்.

"இல்லே அங்கப்பா."

அந்தச் சனிக்கிழமை தானாகவே ஐயாக்கண்ணுவின் நாற்காலியில் போய் உட்கார்ந்து தாடியை எடுக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்றில் சாகும்வரை வாராவாரம் உட்கார்ந்தார். அண்ணன் கடிதம் மட்டும் இரண்டு வருடம் வந்துகொண்டிருந்தது: 'ஐவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எப்போது வருகிறாய்?' தெரிந்தே விட்டாயா என்று அந்த ஐவர் கேட்டால், இல்லை என்று இனி அவரால் சொல்ல முடியாது. அதனால் அண்ணனுக்கும் பதில் எழுதவில்லை.

"ஊருல என்னுங்கண்ணா எழுதிருக்காங்க?" என்பாள் மாதம்மாள்.

"எல்லாரும் சௌக்கியமாம், அம்மா," என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.