மூன்றாம் ஷிப்ட் தெருவுக்கு ஓர் அறிவிப்பு

1. வயர்

நான் எழுதிய வாசகம் பாதியில் நின்றுபோனது. "தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் வீட்டு வாசலுக்கே" என்பது வரை ஒலிபெருக்கியில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. லுங்கியும் கலைந்த தலையுமாக ஒரு வீட்டிலிருந்து வந்தவர், வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மத்திகிரியில் ஒரு லைன் வீட்டுத் தெரு அது. வண்டி பாஷா பாயுடையது. வெங்காயமும் பூண்டும் தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்பவர். அவர் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"என்னய்யா நெனச்சிட்டு இருக்கிய? ராத்திரி பூரா பிரஸ் மிஷின் சத்தம். பகல் பூரா ஒங்க சத்தம். மனுசன் எப்பத்தான் ஒறங்க?" என்றார் அவர். திருநெல்வேலிப் பேச்சு. பெயர் சுடலைமுத்து என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பாஷா பாய் தன்மையானவர். "அண்ணே, பதினோரு மணி ஆகுதுண்ணே" என்றார்.

"ஒமக்குப் பதினோரு மணி. எனக்கு நடுராத்திரி."

அதற்குள் அந்த லைன் வீடுகளின் சொந்தக்காரர் லட்சுமம்மா வந்துவிட்டார். கன்னடக்காரர். கோபம் வந்தால் இரண்டு பாஷையும் சேர்ந்து வரும். "பேட பாய், வேண்டாம். இனிமே மைக் வண்டி இந்தத் தெருவுக்குள்ள வரவே கூடாது. குடியிருக்கறவங்க எல்லாம் நைட் டியூட்டி. அவங்க காலி பண்ணிட்டுப் போய்ட்டா, நீ வந்து குடியிருப்பியா?"

"வீடு நல்லாத்தான் இருக்குதுங்கம்மா" என்றார் பாய். லட்சுமம்மா சிரிக்கவில்லை.

வண்டி ரிவர்ஸில் வெளியே வந்தது. பாய்க்கு ஒரு தெரு போனது. எனக்கு அதைவிடப் பெரியது போகப் பார்த்தது. ஏன் என்று சொல்கிறேன்.

2. எந்த ஸ்டேஷன்?

பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் அப்பா என்ன வேலை என்று கேட்டால், என் மகள் "ரைட்டர்" என்பாள். உடனே யாராவது "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவரைத்தான் எங்கள் பக்கத்தில் ரைட்டர் என்பது. பள்ளி மலருக்குப் பெற்றோர் தங்கள் வேலையைப் பற்றி எழுதலாம் என்று டீச்சர் சொன்னதும், இதை நானே விளக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பத்தாவது, அதன்பிறகு ஐ.டி.ஐ. வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆபரேட்டராக இருந்தேன். பெரும்பாலும் மூன்றாம் ஷிப்ட், அதாவது இரவு வேலை. சேஃப்டி வாரம் வந்தால் போர்டில் வாசகம் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆர்டர் குறைந்து எங்கள் உற்பத்தி லைனை மூடியபோது, கையில் மிச்சம் இருந்தது அந்த ஒரு திறமைதான். அச்சடிக்கும் பிரஸ்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வாசகம், பணி ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்து மடல், கடை திறப்பு நோட்டீஸ் என்று எழுத ஆரம்பித்தேன். மாதச் சம்பளம் கிடையாது. கேட்கிறவருக்குக் கேட்டபோது எழுதிக் கொடுப்பது.

வண்டி அறிவிப்பு எழுதக் கற்றுக்கொண்டது பாஷா பாயிடம். முதல் முறை ஆசை ஆசையாக எழுதினேன். செம்மண்ணில் பிறந்து, பனியில் குளித்து, என்று ஆரம்பித்தது. கெலமங்கலம் சந்தையன்று அதைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று போய் வந்த பாய் சொன்னார்: "ரைட்டரே, எழுத்து பிரமாதம். ஆனா வெங்காயம்னு சொல்றதுக்குள்ள தெரு முடிஞ்சிடுது."

அன்றுதான் எனக்கு ஓர் அளவு கிடைத்தது. ஒரு வீட்டு வாசலை வண்டி கடக்கும் நேரத்துக்குள் வாசகம் முடிய வேண்டும். சரக்கின் பெயர் அதற்குள் வந்துவிட வேண்டும். எல்லை ஊர் ஆனதால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வர வேண்டும். எழுதியதை நான் வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். தெருவில் ஏதாவது வண்டி போனால், அது நம் வீட்டைத் தாண்டுவதற்குள் சொல்லி முடிகிறதா என்று பார்ப்பேன். பக்கத்து வீட்டார் முதலில் பயந்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள்.

பிறகு போன் எழுத ஆரம்பித்தது. பிரஸ் ஓனர் ஒருவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: "கேட்டா ஒரு நிமிஷத்துல எழுதித் தருது சார். கவிதைகூடப் போடுது." ஒவ்வொரு பிரஸ்ஸாக நின்றது. என் மைத்துனன் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். "மாமா, உங்களுக்குச் சொல்லி வச்சிட்டேன். ஒண்ணாந்தேதி வந்து நில்லுங்க. விசில்கூட வாங்கிட்டேன்" என்று விசிலையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அது குறைவான வேலை இல்லை. ஆனால் எழுதுவதை விட்டுவிட்டால் மறுபடி எடுக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். பாஷா பாய் வேலை தருகிற வரை எழுதுவது, அதுவும் நின்றால் விசில், என்று முடிவு செய்திருந்தேன். அந்த நிலையில்தான் வயர் பிடுங்கப்பட்டது.

3. பகலில் வந்த நடுராத்திரி

பாய் அன்று மாலையே போனிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். அதை எனக்கு மறைக்காமல் படித்துக் காட்டினார். "அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே, தங்கள் உறக்கத்திற்கு ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறோம்."

"எழுப்பி விட்டுட்டு மன்னிப்புக் கேக்குது" என்றார். "நீங்க ஏதாவது பண்ணுங்க ரைட்டரே. இந்தத் தெரு போச்சுன்னா பக்கத்துத் தெருவுலயும் இதையே சொல்லுவாங்க. அப்புறம் நான் குருபரப்பள்ளி ரோட்டோரம் போய்க் குடை போட்டு உக்காந்துடுவேன். உக்காந்து விக்கறவனுக்கு மைக்கு எதுக்கு? ரைட்டர் எதுக்கு?"

மறுநாள் நான் மட்டும் அந்தத் தெருவுக்குப் போய், முனையில் இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். மேலே நல்ல வெயில். தெருவுக்குள் நடுராத்திரி. ஜன்னல்களில் கம்பளியும் பழைய சேலையும் தொங்கின. வாசல்தோறும் சேஃப்டி ஷூக்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கின. கொடியில் காய்ந்த கம்பெனிச் சட்டைகள், உள்ளே ஆள் இல்லாமலே மெதுவாகக் கை அசைத்தன. ஷீட் கூரைகளுக்குக் கீழே இருந்து வந்த மூச்சுச் சத்தமெல்லாம் ஒன்றாகி, அந்தத் தெருவே படுத்துக்கிடந்து மூச்சு விடுவது போல இருந்தது. நானும் இப்படித்தானே இத்தனை வருஷம் பகலில் கிடந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கால்நடைப் பண்ணைப் பக்கம் ஒரு மாடு கத்தியது. யாரும் எழவில்லை. ஏதோ வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரும் எழவில்லை. எனக்கே கண் சொருகியது. குழாயடியில் இரண்டு பெண்கள் பேசுவது தூரத்தில் கேட்டது. "தண்ணி வந்திருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் வரும்." அந்தப் பேச்சு என் தூக்கத்துக்குள் நுழைந்து, அதோடு சேர்ந்து ஓடியது. கனவில் நான் பழைய கம்பெனியில் நின்றேன். மிஷின்களின் சூடு தணிக்கக் கூலன்ட் ஊற்றும் இடத்தில் எல்லாம் குழாய்த் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் தெளிந்த தண்ணீர். அதில் மீன்கள்கூட இருந்தன.

"சார்."

திடுக்கிட்டு விழித்தேன். பார்சல் கொண்டுவந்தவர் ஏதோ வீட்டு நம்பர் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். மாடும் குக்கரும் அதைவிடச் சத்தம். ஆனால் விழிக்க வைத்தது அவர்தான். ஏனென்றால் அவர் என்னைக் கூப்பிட்டார்.

அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். இதுவரை நான் எழுதிய அறிவிப்பெல்லாம் கூப்பாடு. தாய்மார்களே, வாங்க வாங்க, ஓடி வாங்க. தூங்குகிறவர் காதில் அது சூப்பர்வைசர் கூப்பிடுவது போலத்தான் விழும். ஒலியைக் குறைத்தாலும் அடித்துப் பிடித்து எழத்தான் செய்வார். குழாயடிப் பேச்சு யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர் வந்திருக்கிறது என்று சொன்னது, அவ்வளவுதான். தேவைப்பட்டவர் குடத்தோடு போனார். மற்றவர் தூங்கினார்.

4. வீட்டுக் குரல்

அன்று எழுதிய வாசகம் இது: "வண்டி வந்திருக்கு. மரத்தடியில நிக்குது. வெங்காயம் இருக்கு. பூண்டு இருக்கு. கொஞ்ச நேரம் நிக்கும்."

அதன் பிறகு கன்னடத்தில், ஈருள்ளி இதெ, பெள்ளுள்ளி இதெ. தெலுங்கில், எர்ரகட்டலு உன்னாயி, தெல்லகட்டலு உன்னாயி. அவ்வளவே.

பாய் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மவுத்து விழுந்த வீட்ல பேசற மாதிரி இருக்குதே ரைட்டரே. யாரு வந்து வாங்குவாங்க?"

"யாரு படிச்சுப் பதியறதுன்னு பாருங்க. அதுக்கப்புறம் சொல்லுங்க" என்றேன்.

என் மனைவி செல்வியைக் கேட்டேன். அவள் கெலமங்கலத்தில் வளர்ந்தவள். மூன்று பாஷையும் வரும். "எனக்கெதுக்குங்க மைக்கு? எனக்குக் கத்த வராது" என்றாள்.

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன்."

நான் மூன்றாம் ஷிப்டில் இருந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் பகலில் யாரும் சத்தம் போட்டதில்லை. பாத்திரத்துக்கு அடியில் துணி விரித்துத்தான் வைப்பாள் செல்வி. என் மகள் பேசப் பழகியதே கிசுகிசுப்பாகத்தான். முதல் வகுப்பில் டீச்சர், குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது குறையா என்று கேட்டார். உங்கள் வகுப்பிலும் அப்படிச் சிலர் இருப்பீர்கள். அந்த வருஷங்களில் செல்விக்கு ஒரு குரல் வந்திருந்தது. காற்று மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். நான் படுத்திருக்கும்போது அந்தக் குரலில் அவள் பால்காரரிடம் பேசியது, மகளுக்குச் சோறு ஊட்டியது எல்லாம் என் கனவுகளில் வந்திருக்கின்றன. ஒரு நாளும் என்னை எழுப்பியதில்லை.

போனில் பதிந்தோம். நான் அறைக்குள் போய்ப் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "எப்படிங்க இருக்கு?" என்று அவள் வந்து கேட்டபோது நான் தூங்கியிருந்தேன்.

5. ஒரே ஒரு தடவை

லட்சுமம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கினோம். "ஒரு தடவ. ஒருத்தர் எழுந்து வந்து கேட்டாலும், அதோட சரி" என்று சொல்லிவிட்டு, கேட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடந்து போகிற வண்டிக்கு எழுதித்தான் எனக்குப் பழக்கம். நிற்கிற வண்டிக்கு எழுதியது அதுவே முதல் முறை. புங்கமரத்தடியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார் பாய். செல்வியின் குரல் மெதுவாகத் தெருவுக்குள் போனது. வண்டி வந்திருக்கு. மரத்தடியில நிக்குது.

யாரும் வரவில்லை. சட்டைகள் கொடியில் அசைந்தன. பாய் என்னைப் பார்க்காமல் தராசைத் துடைத்தார். நான் சுடலைமுத்து வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவு திறந்தால் எனக்கு விசில்தான்.

ஒரு கதவு திறந்தது. அவருடையது இல்லை. ஒரு பெண் வெறுங்காலோடு, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அடுத்து இன்னொருவர். பிறகு நாலைந்து பேர். யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் எல்லோரும் கிசுகிசுப்பாகவே விலை கேட்டார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்தினார். "பாய், போன தடவ குடுத்ததுல பாதி அழுகல்."

"அத மெதுவாச் சொல்லுங்கக்கா. தூங்கறவங்க எழுந்துடப் போறாங்க" என்றார் பாய்.

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீருக்கு அடியில் நடக்கும் சந்தை போல இருந்தது. தராசுத் தட்டுகூடச் சத்தமில்லாமல் இறங்கியது. கடைசியில் லட்சுமம்மாவே வந்து பூண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, முந்தானையில் போட்டுக்கொண்டார். "நாளெ பா" என்றார். நாளைக்கும் வா என்று அர்த்தம். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

சுடலைமுத்துவின் கதவு திறக்கவே இல்லை.

6. டீக்கடை

மாலையில் நானும் பாயும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சுடலைமுத்து குளித்து, தலை சீவி, முகம் தெளிந்து வந்தார். எங்களைப் பார்த்ததும் நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒங்க வண்டி வரலியோ?"

பாய் வாயைத் திறந்தார். நான் அவர் கையை அழுத்தினேன்.

"அன்னைக்கு நான் கொஞ்சம் கூடத்தான் பேசிட்டேன். அதுக்குன்னு வராமலே இருந்துருவியளா? வீட்ல ஒத்த வெங்காயம் இல்ல."

"நல்லாத் தூங்கினீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"ஒறக்கம்னா அப்படி ஒறக்கம். நல்ல சொப்பனம் வேற. ஊர்ல எங்க வீட்டு அடுக்களை. உள்ள யாரோ ஒரு பொம்பளையாளு மெதுவாப் பேசிட்டே இருக்காவ. வெங்காயம் இருக்கு, பூண்டு இருக்குன்னு. சரி, எல்லாம் இருக்குல்லான்னு நிம்மதியாக் கெடந்தேன். எந்திரிச்சுப் பாத்தா வெறுங்கூடை."

பாய் எழுந்து போய், வண்டியிலிருந்து ஒரு பை நிறைய வெங்காயத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

பிள்ளைகளே, வேலை குறைந்துபோன காலத்தில் எப்படிப் பிழைத்தீர்கள் என்று என்னைக் கேட்கிறார்கள். பெரிய வழி எதுவும் எனக்குத் தெரியாது. அதுவரை எழுதும்போது, வாங்குகிறவரை மட்டும் நினைத்தேன். அதன் பிறகு, வாங்காமல் உள்ளே படுத்திருக்கிறவரையும் நினைத்து எழுதுகிறேன். இளநீர் வண்டி, பூ வண்டி, கீரைக்காரம்மா என்று, நைட் ஷிப்ட் தெருக்களுக்கு எழுதச் சொல்லி ஒவ்வொருவராக வருகிறார்கள். செல்விதான் குரல். மைத்துனனின் விசில் அலமாரியில் இருக்கிறது. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்.

இன்னும் சில மத்தியானங்களில் நான் வீட்டில் படுத்திருக்கும்போது, இரண்டு தெரு தள்ளி என் வாசகம் போவது கேட்கும். இருக்கு, இருக்கு என்று. அது முடிவதற்குள் தூங்கிவிடுவேன். நான் எழுதியது சரியாக இருக்கிறது என்பதற்கு எனக்கு அந்த ஒரு அடையாளம் போதும்.