சேறு படாத பூட்ஸ்

கோடைப் பயிற்சிக்கு எங்கள் தென்காசி கட்டுமான வடிவமைப்பு அலுவலகத்துக்கு வந்த ஒரு மாணவிக்கு நான் அநியாயம் செய்தேன். வேலை நடக்கும் இடத்துக்குப் போகவென்றே வாங்கிய புது பூட்ஸுடன் தினமும் வருவாள். நானோ அவளோடு பயிற்சிக்கு வந்த பையன்களை மட்டும் குற்றாலத்துப் பாலப் பணிக்கு அழைத்துப் போனேன்.

“பாறை வழுக்கும் தாயி, நீ இங்கனயே இரு” என்று அவளை வரைபடங்களை மடிக்க விட்டேன்.

கடைசி நாள் கேட்டாள்: “சார், பூட்ஸ்ல சேறே படல. கடைக்காரரு திருப்பி எடுத்துக்கிடுவாரா?”

பையன்கள் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஓய்வுபெற்ற பின், ஆலங்குளம் பக்கம் அவள் பாலம் கட்டுகிறாள் என்று கேள்விப்பட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் பூட்ஸ் முழுக்கச் சேறு.

“அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு சார்” என்று நாற்காலி போட்டாள். பாலத்தைப் பார்க்க எழுந்தேன்.

“வழுக்கும் சார், நீங்க இங்கனயே இருங்க.”

முகத்தில் கேலி இல்லை. வீடு திரும்பியபோது என் செருப்பில் துளி சேறும் இல்லை.