கூடாரத்திலிருந்து வந்த ரத்தக்காரன்

ஈரக் கித்தானும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் ஒன்று உண்டு. மழையில் நனைந்த கூடாரத்துக்குள் சனம் நெருக்கியடித்து இருக்கும்போது வருகிற மணம். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம். அப்பா தயிர் முட்டிகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். தயிர் வெள்ளெனவே விற்றுவிட்டது. சந்தைக்குப் பின்னால் கூடாரம் அடித்து 'பயஸ்கோப்பு' காட்டினார்கள். பகல் ஆட்டம். அப்பாவும் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே போனோம்.

படத்தில் வெள்ளைக்காரப் பேச்சு. அது ஒருவருக்கும் விளங்காது என்பதால் திரைக்குப் பக்கத்தில் கதை சொல்ல ஒருவர் நின்றார். காத்தான்குடிக்காரர். எல்லோரும் அவரை, அண்ணன் என்கிற முறையில், 'காக்கா' என்றார்கள். கையில் ஒரு பிரம்பு. கறுப்புப் போர்வை போட்ட பெரிய மனுசன் ஒருவன் படத்தில் வந்தான். கடைவாயில் இரண்டு நீளப் பல். ஆட்களின் ரத்தத்தைக் குடித்துச் சாகாமல் இருக்கிறவன். அவன் வீட்டுக்கு வந்த பெண்ணின் விரலில் முள் குத்தியது. அவன் அதைப் பார்த்தான்.

காக்கா பிரம்பால் திரையைத் தட்டினார். "வடிவாப் பாருங்க. முதல்ல விரலில ஒரு துளி. ருசி பாக்கிறான். இனிச்சுதெண்டா விடமாட்டான். மறுகா வந்து முழுக்கக் குடிப்பான்."

"காக்கா, நம்மட தயிரக் குடுத்தா விடுவானோ?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். கூடாரமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

படத்தில் அவன் ருசி பார்த்ததாக எனக்கு நினைவில்லை. காக்காவுக்கும் அந்தப் பாஷை தெரிந்திருக்காது. சனத்துக்குக் கதை வேண்டியிருந்தது, அவர் சொன்னார்.

ஊருக்கு வந்து நான் சொன்னேன். பயஸ்கோப்பு பார்த்த பிள்ளை ஊரில் நான் ஒருத்திதான். கிணற்றடியில் பெண்கள் வாளியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். 'ரத்தக்காரன்' என்று அவனுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். விரலில் ஒரு துளி என்கிற இடத்தை ஒவ்வொரு முறையும் கூட்டிக் கூட்டிச் சொன்னேன். தங்கச்சி கனகத்துக்கு ஆறு வயது. என் மடியில் இருந்து நூறு தரம் கேட்டிருப்பாள்.

கொஞ்ச நாளில் அவன் ஊர் முழுக்கப் பரவிவிட்டான். வயலில் காலில் ஏறும் அட்டைக்குச் 'சின்ன ரத்தக்காரன்' என்று பெயர் விழுந்தது. சித்திரை வருசத்துக்கு வேசம் கட்டுகிற பெடியன்கள் புலியையும் கரடியையும் விட்டுவிட்டு, கரிய சாக்கைப் போர்த்திக்கொண்டு தேங்காய்ச் சொட்டில் பல் வெட்டி வைத்து வந்தார்கள். பிள்ளைகள் நாங்கள் ஒரு விளையாட்டுக் கட்டினோம். ஒருவர் ரத்தக்காரன். மற்றவர்கள் வாவிக்கரைக் கண்ணாக்காட்டுக்குள், தண்ணீரில் வேரூன்றி நிற்கிற கண்ணா மரங்களுக்குள், ஒளிக்க வேண்டும். கண்டுபிடித்துச் சின்னவிரலைத் தொட்டால் செத்தது கணக்கு. கனகம் எப்போதும் கடைசிவரை அகப்படமாட்டாள். கண்ணாவின் வேருக்குள் சுருண்டு, மூச்சு விடாமல் இருப்பாள். எங்களுக்கு அது விளையாட்டு. அவளுக்கு அப்படி இல்லை.

அடுத்த மாரி முடிகிற நேரம் ஊரில் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்ந்து நடுங்குகிற காய்ச்சல். கனகத்துக்கும் வந்தது. அப்பா வயல் வட்டையில் காவலுக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தார்.

ஒரு காலை, தூறலுக்குள், கறுத்த நீள மழைக்கோட்டு போட்ட ஒருவர் தோணியில் வந்து இறங்கினார். ஆசுபத்திரியில் இருந்து அனுப்பின ஆள். யாழ்ப்பாணத்தவர். கையில் தகரப் பெட்டி. அதற்குள் ஊசியும் கண்ணாடித் துண்டுகளும். வாய் நிறைய வெற்றிலை. முதல் வீட்டில் ஒரு கிழவரின் விரலைப் பிடித்து ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் எடுத்தார்.

நான் வேலியால் பார்த்துக்கொண்டு நின்றேன். "ரத்தக்காரன்!" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. பிள்ளைகள் கண்ணாவுக்குள் ஓடினார்கள். பெரியவர்கள் வேலிப் படலையை இழுத்துக் கட்டினார்கள். கனகம் காய்ச்சலோடு பாயை விட்டு எழும்பி ஓடினாள். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா உலக்கையோடு வாசலில் நின்றார்.

"அம்மா, ஒரு துளிதான். என்ன காய்ச்சல் எண்டு பாக்க வேணும்" என்றார் அவர்.

"ஒரு துளியிலதானாமே தொடங்குற. மறுகா முழுக்கக் குடிக்கிற."

"ஆர் சொன்னது?"

"டவுனில கண்டு வந்த புள்ள சொன்னவள்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் சிவப்பாக இருந்தது. அம்மா உலக்கையை ஓங்கினார். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சரி, ரத்தம் வேண்டாம். காய்ச்சலுக்கு இந்தக் கொயினாக் குளிசையையாவது விழுங்கக் குடுங்கோ" என்று ஒரு பொட்டலத்தைப் படலைக் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை ஈர்க்கிலால் தள்ளி வாவிக்குள் போட்டார். கையால் தொடவில்லை.

மற்றப் பிள்ளைகள் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார்கள். கனகம் வரவில்லை. வெயில் சாயும்போதுதான் கண்டுபிடித்தோம். இடுப்பளவு சேற்றில், வேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பல் கிட்டிப்போய் இருந்தாள்.

இரண்டாம் நாள் அப்பா வந்தார். பார்த்தார். அவளைத் தூக்கித் தோணியில் கிடத்தினார். நானும் போனேன்.

ஆசுபத்திரியில் அதே மனுசர்தான் வந்தார். மழைக்கோட்டு இல்லை. வாயையும் கழுவியிருந்தார் போல. கனகம் இரண்டு கையையும் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவர், "பிள்ளை, கையைத் திற ராசாத்தி" என்று எத்தனையோ விதமாகக் கேட்டார். அவள் திறக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லுகா. அது பொய்யெண்டு சொல்லு."

"பொய்தான் கனகம்" என்றேன்.

"நீதானே கண்டு வந்து சொன்ன நீ."

"சும்மா சொன்னனான்."

"இல்ல. இப்பதான் சும்மா சொல்ற."

நான் சாமிமேல் சத்தியம் செய்தேன். அழுதேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். அவன் என்னையும் பிடித்துவிட்டான் என்று நினைத்தாளோ தெரியாது. நினைவு தப்பின பிறகுதான் அவர் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மருந்து கொடுத்தார்கள். ஆசுபத்திரிக்குப் போன மூன்றாம் நாள் செத்துப் போய்விட்டாள். அம்மா அதற்குப் பிறகு என்னை ஏசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருக்கலாம்.

விளையாட்டு நிற்கவில்லை. ஒரு மாதத்துக்குக்கூட ஓயவில்லை. அதற்குள் ஒரு புது வரியும் வந்துவிட்டது. ரத்தக்காரன், "கனகம் எங்கே?" என்று கேட்பான். ஒளித்திருக்கிறவர்கள், "கண்ணாக்குள்ளே" என்று கத்துவார்கள். முதல் தரம் கேட்டபோது பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு அறைந்தேன். அவன் தாய் சண்டைக்கு வந்தாள். அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு எட்டத்தில் போய் விளையாடினார்கள். சத்தம் கேட்டது. அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு விளையாட்டை எப்படி நிறுத்துவது? ஒருவருக்கும் தெரியாது.

பிறகு நான் கலியாணம் முடித்து வெல்லாவெளிப் பக்கம் போனேன். வாவி எட்டத்தில், கண்ணா இல்லாத ஊர். அங்கேயும் ஒருநாள், வைக்கோல் போரைச் சுற்றி ஓடுகிற பிள்ளைகள், "கனகம் எங்கே?" என்று கேட்டார்கள். மற்றவர்கள், "கண்ணாக்குள்ளே" என்றார்கள். ஒரு சின்னப் பிள்ளையை நிறுத்தி, "ஆர் மகள், கனகம்?" என்று கேட்டேன்.

"கனகமெண்டா ஒளிக்கிற ஆள், மாமி" என்றாள். இதுவும் தெரியாதா என்பதுபோல.

"கண்ணாவெண்டா?"

அது அவளுக்குத் தெரியவில்லை. விட்டால் ஓடுவதற்கு நின்றாள். விட்டேன்.

இப்போது ரத்தம் குடிக்கிறவர்கள் எல்லா வீட்டு டீவிப் பெட்டியிலும் வருகிறார்கள். கோட்டும் சூட்டும் போட்டு, வடிவான முகத்தோடு. பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருவனுக்குப் பிறந்தநாளுக்கு ரப்பர் பல்லும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவரும் பயப்படுவதில்லை. அந்தக் காய்ச்சலும் ஊரைவிட்டுப் போய்விட்டது. கண்ணாக்காட்டின் பெரும்பகுதியை வெட்டி ரோட்டுப் போட்டுவிட்டார்கள்.

விளையாட்டும் போய்விட்டது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அது அழிய வேண்டும் என்று எத்தனை வருசம் நினைத்தேன். அதில்தான் என் தங்கச்சியின் பெயரைப் பிள்ளைகள் பின்னேரம் தோறும் கூப்பிட்டார்கள். இப்போது அவளை ஒருவரும் தேடுவதில்லை.