டிஷ்யூவில் ஓர் ஈரம்

பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டித் தருவதுதான் அவர் பிழைப்பு. குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம். அன்று காலை, ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண் ஒருத்தி இரவு வேலை முடிந்த கையோடு, தன் கேமிங் கம்ப்யூட்டரை வாங்கிப்போகக் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். ஃபேன் இரைச்சல் ஆகாதென்று, தண்ணீரால் குளிரவைக்கும்படி கேட்டிருந்தாள்.

"ராத்திரி பூரா சைரன் கேக்குற காதுண்ணே. வீட்லயாவது சத்தம் வேணாம்."

பிராசஸர் மேலும் கிராபிக்ஸ் கார்டு மேலும், தண்ணீர் ஓடிச் சூட்டை இழுக்கும் வாட்டர் பிளாக்குகளைப் பொருத்தி, குழாய்களை மாட்டி, தண்ணீர் நிரப்பி, கசிவு பார்க்கப் பம்பை மட்டும் ஓடவிட்டார். கார்டுக்கு அடியில் விரித்திருந்த டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு ஈரம்.

"ஒரு சொட்டுதானே, விடுங்கண்ணே."

"தண்ணிக்கு இடம் குடுத்தா மடத்தையே புடுங்கிடும்மா."

அலுப்போடு தண்ணீரையெல்லாம் வடித்தார். கார்டு மேலிருந்த பிளாக்கைக் கழற்றினால், உள்ளே ரப்பர் வளையம் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. புதியதை வைத்து, திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, மறுபடி நிரப்பினார். வெகுநேரம் கழித்துப் பார்த்தார். பேப்பர் காய்ந்தே கிடந்தது.

"முடிஞ்சிடுச்சும்மா, எடுத்துட்டுப் போலாம்" என்று திரும்பினார்.

அவள் சுவரில் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. கடைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, எதிர் நாற்காலியில் அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.